நாலாவது மாடியில் என்ன வேலை

ஒச்சம்மாள் வேலைக்குப் போகிற நாட்களில் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் வீட்டில் ஒரு கிளாஸ் சாயா, மத்தியானம் சோற்றோடு ரெண்டு மிடறு, அவ்வளவுதான். மட்டாஞ்சேரி வெயிலில், இந்த உப்புக்காற்றில், நாள் பூராவும் மணல் சட்டி சுமக்கிறவள் இப்படி இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். எனக்குத் தாகமே எடுக்காது மகா என்பாள். நானும் நம்பினேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவளின் தாகத்தைப் பற்றி யாருக்குத்தான் விசாரிக்கத் தோன்றும்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ரெண்டிலும் வாய் நீளம் என்று தெருவில் எனக்குப் பெயர். பகலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். அதோடு சட்ட சேவைக் குழுவில் தன்னார்வலர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களை இலவச வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போய் விடுவதும், கூட இருந்து பேச உதவுவதும் என் வேலை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒச்சம்மாளுக்கு உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் செத்த பிறகு, இடுப்பில் பிள்ளையோடு கொச்சிக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து சித்தாள் வேலை. இடக்கொச்சியில் மீன் கம்பெனிக் கட்டடங்கள், கும்பளங்கியில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற வீடுகள், தோப்பும்படியில் கடைகள் என்று அவள் தலை வழியாக ஏறிய மணலைக் கொட்டினால் ஒரு தெருவே மூடிப்போகும். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் சும்மாடு. வேலை முடிந்து வந்ததும் அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, குளித்து, தலை சீவி, வேறு ஆளாக வாசலில் நிற்பாள். கூச்சக்காரி. உள்பாவாடையைக் கொடியில் போட்டால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிடுவாள். பிரசவம், தூரம், வயிற்றுப்போக்கு இதையெல்லாம் நாங்கள் வாசலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும்போது அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் மகன் ரமேஷ்பாபு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மலையாளம், தேவைக்கு இங்கிலீஷ். அம்மா சித்தாள் என்பதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஒச்சம்மாளும் சொல்லச் சொன்னதில்லை. பள்ளுருத்தியில் அவனுக்குப் பெண் பார்த்து, பாதிப் பேச்சு முடிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் அவள் விழுந்தாள்.

யூதத் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கியை இடித்து ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்சுவரை மட்டும் பழசாக நிறுத்திவைத்துப் பின்னால் நாலு மாடி. ஒவ்வொரு அறைக்கும் சேர்ந்தாற்போல் ஒரு குளியலறை. அந்தக் குளியலறைகளுக்கெல்லாம் மணல் சுமந்த பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. இன்ஜினீயர்களுக்கு என்று வாசல் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக் கழிப்பறை. அதன் சாவி சூப்பர்வைசர் பினுவின் இடுப்பில். ஆண்களுக்குச் சுவர் இருந்தது. பெண்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று கான்கிரீட் போடுகிற நாள். கான்கிரீட் நாள் என்றால் கலவை மெஷினிலிருந்து தளம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிவிட வேண்டும். ஓர் ஆள் விலகினால் வரிசை அறுந்துபோகும். மேஸ்திரி சுடலைமணி அம்மா அக்கா என்று பாராமல் திட்டுவான். கட்டடத்தின் முன்பக்கம், முதல் மாடியில் வேலை. பெண்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். நடுவில் மெஷின் டீசல் இல்லாமல் நின்றது. அந்த இடைவெளியில் ஒச்சம்மாள் கழன்று போனாள். எங்கே போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து சத்தம் கேட்டது.

நாலாவது மாடியில் லிஃப்ட்டுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக விழுந்திருந்தாள். மூன்றாவது மாடியில் கட்டியிருந்த சாரத்தில் மாட்டிக்கொண்டதால் உயிர் மிஞ்சியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்துவிட்டன.

கூட வேலை செய்கிற சீனியம்மாள்தான் வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மயக்கம் தெளிந்ததும் ஒச்சம்மாள் தண்ணீர் கேட்டாளாம். ஒரு வாளி கொண்டுவரச் சொன்னாளாம். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று செம்பில் கொடுத்தால், அந்த வலியிலும் அதை வாங்கித் தன் புடவைமேல் கவிழ்த்துக்கொண்டாளாம். மூளை கலங்கிவிட்டது என்று சீனியம்மாள் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தாய் என்று கேட்டதற்கு ஒச்சம்மாள், மணல் சட்டியோடு மேலே ஏறும்போது கால் இடறிவிட்டது என்று சொன்னாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். ரெண்டு நாள் கழித்து சுடலைமணி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னான். ஆஸ்பத்திரிச் செலவை ஹோட்டல் கட்டுகிற கம்பெனி பார்த்துக்கொள்ளும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் ரேகை வை என்றான். அவளும் வைத்துவிட்டாள்.

இது தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன். அந்தத் தாள் பலகாரம் மடிக்கத்தான் ஆகும். தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் பதிவு செய்யாத அப்படிப்பட்ட எழுத்து தொழிலாளியின் உரிமையைத் தடுக்காது என்று எடுத்துச் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் நஷ்டஈடு கேட்கலாம். கவனக்குறைவு யாருடையது என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். ஆளைக் கூட்டி வந்தது மேஸ்திரி என்றாலும், கட்டடக்காரனே பொறுப்பு. அவன் வேண்டுமானால் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ரெண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் இருந்தால் அங்கேயும் உதவி உண்டு. அவள் பெயர் அங்கே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பதிய அவளுக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

கேசு, கோர்ட்டு எல்லாம் வேண்டாம் மகா என்றாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவள் நிலைமை அவளையே பேச வைத்தது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. லைன் வீட்டுப் பொதுக் கழிப்பறையில் அவளால் உட்கார்ந்து எழ முடியாது. நடுவில் ஓட்டை வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். யாராவது வந்தால் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடிவிடுவாள். சம்பாதிக்கிறவளாக இருந்து மகனின் கையை எதிர்பார்க்கிறவளாக ஆனதைவிட, அந்த நாற்காலிதான் அவளைக் குன்ற வைத்தது. மனு போடலாம் என்று கடைசியில் அவளே சொன்னாள்.

எங்கள் குழுவின் வக்கீல் ஆனந்தகுமார் நிதானமானவர். அவள் சொன்னதை அப்படியே எழுதினார்: நாலாவது மாடிக்கு மணல் சுமந்து போகும்போது விழுந்தாள். மருத்துவக் குழு அவளைப் பரிசோதித்து, இனி சுமை தூக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தது.

கம்பெனியின் பதில் மனு வந்தது. படித்துவிட்டு நான் கடையை அடைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மேல் மாடிக்கு மணலே போகவில்லை, எல்லாப் பெண்களும் முன்பக்கம் கான்கிரீட் வரிசையில் நின்றார்கள் என்று எழுதியிருந்தார்கள். யாரும் அனுப்பாமல் அவள் தானாகப் போனாள். அங்கே செம்புக் கம்பிச் சுருள்கள் இருந்தன. அங்கே எலக்ட்ரீஷியன் ஒருவன் தனியாக வேலை செய்துகொண்டிருந்தான். எனவே அவள் வேறு நோக்கத்துக்காகப் போயிருக்க வேண்டும். வேலைக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை.

வேறு நோக்கம். இந்த ரெண்டு வார்த்தை போதுமே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எங்களுக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு தெருவுக்கு வந்திருந்தது. திருடப் போனாள் என்று சிலர், எலக்ட்ரீஷியனைப் பார்க்கப் போனாள் என்று பலர். ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளையைப் பற்றி, இருபத்தி சொச்சம் வயசுப் பையனோடு சேர்த்து. ரமேஷ்பாபு காதிலும் அது விழுந்திருக்கிறது. அவன் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். பள்ளுருத்திக்காரர்களும் போன் எடுக்கவில்லை.

நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்து, மணல் போகவில்லையாமே, பின்னே எதற்கு மேலே போனாய், என்னிடமும் பொய் சொன்னால் எப்படி என்று பிடித்துக் கத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

பெண்கள் எல்லோரும் அங்கேதான் போவார்களாம். லிஃப்ட் சுவருக்குப் பின்னால் ஒரு மறைவு. ஜோடி ஜோடியாகப் போவார்கள். ஒருத்தி சிமெண்டுச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பாள், மற்றவள் ஒதுங்குவாள். ஒச்சம்மாளுக்கு ஜோடி சீனியம்மாள். கான்கிரீட் நாளில் ரெண்டு பேர் சேர்ந்து வரிசையை விட்டு வர முடியாது. காலையிலிருந்து அடக்கி அடக்கி, மெஷின் நின்றதும் இவள் தனியாக ஓடியிருக்கிறாள். மறைவில் எப்போதும் கால் வைக்கிற இடத்தில் ஓட்டைமேல் பலகை போட்டிருக்கும். அந்தப் பலகைகளை அன்று காலை முன்பக்கம் முட்டுக் கொடுக்க எடுத்துப் போய்விட்டார்கள். பாதியில் யாரோ வருகிற சத்தம் கேட்டு, அவசரமாக எழுந்து பின்னால் நகர்ந்திருக்கிறாள்.

புடவையில் தண்ணீரைக் கவிழ்த்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை ஆண்கள் சேர்ந்து தூக்கும்போது, எலும்பு உடைந்த வலியைவிடப் புடவை நனைந்திருப்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

“இதை யாருகிட்டயும் சொல்லிப்புடாத தாயி” என்றாள். “வக்கீலு ஆம்பள. எம் மகனுக்குத் தெரிஞ்சா நான் அவன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?”

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். வேலை நேரத்தில் அதற்காகப் போனதும் வேலையோடு சேர்ந்ததுதான், அதைச் சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்றேன்.

“சட்டத்துல இதெல்லாமா எழுதி வச்சிருக்காக? கருமம்.”

கேஸ் தோற்றால் தோற்கட்டும் என்றாள். கம்பித் திருடி என்றால் திருடி என்று இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த எலக்ட்ரீஷியன் பேச்சு என்றதும் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

நான் ஆனந்தகுமாரிடம் போய், வேறு ஒரு பெண்ணின் விஷயம் என்று சொல்லிச் சந்தேகம் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுஷ உடம்பைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு யாரும் வேலைக்கு வர முடியாது, தண்ணீர் குடிக்கப் போனாலும் ஒதுங்கப் போனாலும் அது வேலையின் பகுதியாகத்தான் பார்க்கப்படும் என்றார். கட்டடம் கட்டுகிற இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை அமைப்பது சட்டப்படி கடமை என்றும் சொன்னார். பிறகு, எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அந்தப் பெண் தன் வாயால் சொன்னால்தான் ஆகும், கட்சிக்காரர் சொல்லாததை வக்கீல் சொல்ல முடியாது என்றார். வேறு பெண் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

விசாரணை எறணாகுளத்தில். ரமேஷ்பாபு லீவு போட்டு வந்தான். படியேற அம்மாவுக்கு ஒரு கை வேண்டுமே. வழியெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒச்சம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள்.

ஆணையர் வயசானவர், பொறுமைசாலி. அவளுக்கு மலையாளம் புரியும், ஆனால் பதற்றத்தில் தமிழ்தான் வரும் என்று ஆனந்தகுமார் சொன்னதால், என்னிடம் சத்தியம் வாங்கி என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அன்று மேலே மணல் போனதா என்று கேட்டார். ஒச்சம்மாள் தரையைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள். யார் உங்களை மேலே அனுப்பியது? யாருமில்லை. டாக்டரிடம் சொன்னது பொய்யா? இந்த மனுவில் சொன்னதும் பொய்யா? அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் நின்றேன். சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்கிறவள் தானாக வாயைத் திறக்கக் கூடாது.

“அப்படியென்றால் நாலாவது மாடியில் உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார் அவர். அதை நான் தமிழில் சொன்னேன். ஆணையர், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பின்வரிசையில் சூப்பர்வைசர் பினுவும் மேஸ்திரி சுடலைமணியும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு கேஸுகளுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்த வக்கீல் அடுத்த கேள்வியைக் கேட்டார். அங்கே வேலை செய்த எலக்ட்ரீஷியனை உங்களுக்கு எத்தனை நாள் பழக்கம்?

இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். என் தெருக்காரியிடம், அவள் பெற்ற பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது. எனக்கு நாக்கு கூசியது. ஆனால் அவளுக்கு மலையாளத்திலேயே புரிந்துவிட்டது; ரமேஷ்பாபுவுக்கும்தான். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவன் எழுந்துவிட்டான். முகம் கறுத்துப்போயிருந்தது. யாரையும் பார்க்காமல் கதவுப் பக்கம் நடந்தான்.

ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஊன்றுகோல் கீழே விழுந்தது.

“ஏய்யா ரமேசு, நில்லுய்யா.”

அவன் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றான்.

“ஒண்ணுக்குப் போனேன்யா. வேற எதுக்கும் போகல. காலம்பறருந்து அடக்கி, முடியாமத்தான் போனேன். பொம்பளைக நாங்க எல்லாரும் அங்கனதான் போவோம். வேற எடம் இல்லய்யா.”

அவள் ஆணையரிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் தன் மகனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மனுஷி உயிரோடு தோல் உரிந்து நின்ற மாதிரி நின்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன். மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று, டாய்லெட்டுக்குப் போனதாகச் சொல்கிறார் என்றேன்.

கம்பெனி வக்கீல் பிடித்துக்கொண்டார். இதுவும் பொய் என்றார். நாலாவது மாடியில் டாய்லெட் வேலையே ஆரம்பிக்கவில்லை, அந்தக் கட்டடத்தில் எந்த மாடியிலும் அப்போது டாய்லெட் கிடையாது என்று ஒரு வேகத்தில் சொன்னார்.

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படியானால் பெண் தொழிலாளிகள் எங்கே போனார்கள்?”

வக்கீல் பினுவைத் திரும்பிப் பார்த்தார். பினு சுடலைமணியைப் பார்த்தான். சுடலைமணி தன் செருப்பைப் பார்த்தான். ஆட்கள் விஷயம் மேஸ்திரியின் பொறுப்பு என்று பினு எழுந்து முனகினான். தகரக் கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது என்று ஆனந்தகுமார் கேட்டார். என்னிடம் என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவர்கள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தலையைக் குனிந்தார்கள்.

அதற்குள் ரமேஷ்பாபு வெளியே போய்விட்டிருந்தான்.

மற்றது எல்லாம் பிறகு நடந்தது. மனுவைத் திருத்தினோம். அடுத்த தவணையில் சீனியம்மாள், வேலை போனாலும் பரவாயில்லை என்று வந்து, சாக்குப் பிடித்து நிற்கிற கதையைச் சொன்னாள். தீர்ப்பும் வந்தது. வேலையின் இடையே நேர்ந்த விபத்துதான் என்று எழுதி, கட்டடக்காரன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். மேல் முறையீடு என்று கொஞ்ச நாள் இழுத்துவிட்டுக் கட்டினான். தீர்ப்பைப் படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு ஒச்சம்மாள் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். அந்த வார்த்தை அதில் அச்சடித்து இருக்கிறதே, அதைத் தன் காதால் இன்னொரு தரம் கேட்க மாட்டாளாம். நஷ்டஈட்டுப் பணத்தை எடுத்துச் செலவு செய்யும்போதும் அவளுக்குக் கூசுகிறது. நீ கூசி என்ன செய்ய, கூச வேண்டியவன் ரிப்பன் வெட்டி ஹோட்டல் திறந்துவிட்டான் என்று நான் திட்டுவேன். அதற்கும் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆனால் அந்த முதல் நாளில் நாங்கள் திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்து அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டி வந்தேன். கீழே ரமேஷ்பாபு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தான். அம்மாவைத் தூக்கி ஏற்றிவிட்டு, தான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். ஒச்சம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். எல்லாம் போச்சு தாயி, பெத்த பிள்ளைக்கு முன்னால சொல்லிப்புட்டேனே என்று உதடு மட்டும் அசைந்தது. அவளை அப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்று எனக்கும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஒரு பெண் தன் கையில் இருந்த கடைசி மறைப்பையும் கீழே போட்டுவிட்டுத்தான் நியாயம் வாங்க வேண்டுமென்றால், அந்த நியாயத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது.

எறணாகுளம் படகுத்துறையில் இறங்கினோம். ஃபோர்ட் கொச்சிப் படகு வர நேரம் இருந்தது. அவளைச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ரமேஷ்பாபு கொஞ்சம் தள்ளி, காயலைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். இவன் இனி இவளோடு பேசுவானா, இதே முதுகைத்தான் வீட்டிலும் காட்டுவானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் அவன் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்றும் இருந்தது. ஒச்சம்மாள் தலை நிமிரவே இல்லை.

அவன் டிக்கெட் எடுக்கிற இடத்துக்குப் போனான். அங்கே இருந்த ஆளிடம் எதையோ விசாரித்தான். பிறகு எங்களிடம் வந்தான். அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்தான். இஸ்திரி கலையாத சட்டைக்குள் அவன் கழுத்து வியர்த்திருந்தது. அவள் காலைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

“அம்மா… பாத்ரூம் போகணுமா? அந்தப் பக்கம் இருக்காம். உட்கார்ற மாதிரிதானாம், கேட்டுட்டேன். நான் கூட்டிட்டுப் போறேன்.”

கொச்சிக்கு வந்த இந்த இருபத்தி சொச்சம் வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஒச்சம்மாள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாய்யா” என்றாள். “போகணும்.”